ட்ரையர் துவாரமும் முப்பத்தொரு நாளும்

1

ஊரில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு உடுப்புக் காயவைப்பது ஒரு வேலையே அல்ல. கொடி இருக்கும், வெயில் இருக்கும். வானம் கறுத்தால் வீட்டில் யாராவது ஒருவர் "உடுப்பு, உடுப்பு" என்று கத்திக்கொண்டு ஓடுவார். அதோடு கதை முடிந்தது. மெல்பேணில் ஜூன் மாதம் கொடியில் போட்ட சாரம் மூன்றாம் நாளும் போட்டபடியே சொட்டிக்கொண்டு நிற்கும். தொட்டுப் பார்த்தால் போட்ட அன்றைக்கு இருந்ததைவிட ஈரமாக இருக்கிறதோ என்று சந்தேகம் வரும்.

ஆகவே இங்கே எல்லோரையும் போல எங்களிடமும் ஒரு ட்ரையர் இருக்கிறது. நோபல் பார்க்கில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்பக்கம், உடுப்புத் தோய்க்கும் அறையில், சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஈர உடுப்பை உள்ளே போட்டால் சூடான காற்றில் சுழற்றும். அந்தக் காற்று ஈரத்தையும் தூக்கிக்கொண்டு வெள்ளிநிறக் குழாய் ஒன்றின் வழியாகப் போய், சுவரில் உள்ள வட்டத் துவாரத்தால் வெளியேறும். துவாரத்துக்கு வெளிப்பக்கம் ஒரு மூடி. அதில் மூன்று தகடுகள். இயந்திரம் மூச்சுவிட்டால் தகடுகள் திறக்க வேண்டும், நின்றால் மூட வேண்டும். எங்கள் மூடியில் ஒரு தகட்டைக் காணோம். இரண்டாவது, பஞ்சுத் தூசு ஒட்டித் திறந்தபடியே இறுகிவிட்டது. மூன்றாவது காற்று சொன்னபடி ஆடும்.

இப்படி ஒரு துவாரத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இன்று எங்கள் பேத்தி பிறந்து முப்பத்தோராம் நாள். இந்த முப்பத்தொரு நாளும் அவள் இந்த வீட்டில் இருப்பாளா இல்லையா என்பதே அந்தத் துவாரத்தில்தான் தொங்கிக்கொண்டு கிடந்தது.

2

எங்களுக்கு ஒரே பிள்ளை, அபிராமி. படகில் வந்து இறங்கியபோது பதின்மூன்று வயது. இப்போது பொயிண்ட் குக்கில் இருக்கிறாள். மருந்துக் கடையில் மருந்தாளராக வேலை. கணவன் கார்த்திக் கோயம்புத்தூர்ப் பையன், கணினிக்காரன். மெல்பேணின் ஒரு மூலையில் அவர்கள், மறுமூலையில் நாங்கள். இடையில் ஒரு பெரிய பாலமும், அதன்மேல் எப்போதும் நகராத ஆயிரம் கார்களும்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது அவர்கள் பக்கமும் உண்டு, எங்கள் பக்கமும் உண்டு. கார்த்திக்கின் அம்மா தொலைபேசியில், "நீங்களே பாத்துக்கோங்க சம்பந்தி, அதுதானே முறை" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். என் மனைவி சிவமலர் கேட்க வேண்டுமா! ஐந்து மாதத்துக்கு முன்பே பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குத்தூள் இடித்து வைத்துவிட்டாள். பிரச்சினை அபிராமியோடுதான். ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வயிறும் தானுமாக வந்து, தனக்கென்று நாங்கள் ஒழுங்குபடுத்திய அறையைப் பார்த்தாள். இரண்டு நிமிடம் நின்றாள். ஜாக்கெட்டின் சிப்பை இழுத்துக் கழுத்துவரை பூட்டினாள்.

"அப்பா, இட்ஸ் ஃப்ரீசிங்" என்றாள்.

"எங்கையம்மா குளிருது? எனக்கொண்டும் தெரியேல்லையே."

"யூ வர்க் இன் எ ஃப்ரீசர். யூ டோன்ட் கவுண்ட்."

அது உண்மை. டண்டினோங்கில் உறைந்த மரக்கறி அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில், குளிர்ப் பண்டகப் பகுதியில் எனக்கு வேலை. பட்டாணியோடு பட்டாணியாகப் பதினொரு வருடம் உறைந்தவனுக்கு வீட்டுக்குள் அடிக்கும் காற்று காற்றாகவே தெரிவதில்லை. அபிராமி சுவரைத் தடவி, கதவின் கீழே கையை வைத்து, மெல்ல மெல்லத் தோய்க்கும் அறைக்குள் போய், ட்ரையரின் பின்னால் இருக்கும் குழாயைப் பிடித்துவிட்டாள். அவளுக்கென்று வைத்த அறையின் கதவு தோய்க்கும் அறைக்குள்தான் திறக்கும். கழிவறையும் அதைத் தாண்டித்தான். கதவைப் பூட்டி வைத்துத் தப்ப வழியில்லை.

நான் சுவாமித் தட்டிலிருந்து ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வந்து ட்ரையரின் வாயில் பிடித்தேன். புகை மேலே போகவில்லை. நேராக என் முகத்துக்கு வந்தது. தெற்கேயிருந்து புறப்படும் குளிர்காற்று கடலெல்லாம் தாண்டி வந்து, அந்தக் குழாயில் நுழைந்து, ட்ரையருக்குள்ளால் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்துகொண்டிருந்தது.

சிவமலருக்கு முகம் இருண்டுவிட்டது. "பச்சை உடம்போட முப்பத்தொரு நாள் இதுக்குள்ள எப்பிடி இருக்கிறது? காத்துப் பட்டால் பிறகு சாகும்வரைக்கும் நாரி உளைவுதான்." இடுப்பைப் பிடித்துக் காட்டினாள்.

"அம்மா, காற்றால் வருத்தம் வராது, வைரஸால்தான் வரும்" என்று அபிராமி ஆங்கிலத்தில் ஒரு சிறு விரிவுரை நடத்தினாள். பிறகு தீர்ப்பும் சொன்னாள். காற்றைப் பற்றிய நம்பிக்கை அவளுக்கு இல்லை. ஆனால் பிள்ளைக்கு இந்தக் குளிர் ஆகாது. இது சரியாகாவிட்டால் அவள் பொயிண்ட் குக்கிலேயே இருப்பாள், அம்மா வேண்டுமென்றால் வாரத்தில் ஒருநாள் வந்து போகலாம். சரியானாலும் முதலில் ஒரு கிழமை, ஏழு நாள் மட்டும். பிறகு பார்க்கலாம்.

வாரத்தில் ஒருநாள். சிவமலர் குசினிக்குள் போய்த் தேங்காய் துருவினாள். அன்றைக்குச் சமையலில் தேங்காய் சேர்க்கும் கறி எதுவும் இல்லை.

3

வாடகை வீட்டில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் ஏஜெண்டுக்கு எழுத வேண்டும். அது எனக்குச் சிரமமே இல்லை. ஊரில் நான் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்தவன். விண்ணப்பம், மேன்முறையீடு, நினைவூட்டல் எல்லாம் எனக்குக் கைவந்த கலை. என் கடிதத்துக்கு அசையாத அதிகாரி இல்லை என்று அந்தக் காலத்தில் ஒரு பெயர் இருந்தது.

இங்கே கடிதம் இல்லை, இணையத்தில் ஒரு படிவம். முதலில் எந்த வகைப் பழுது என்று கேட்டது. தண்ணீர்க் குழாய், மின்சாரம், பூட்டு, பூச்சி புழு, ஏனையவை. காற்று எதில் சேரும் என்று யோசித்தேன். அழைக்காமல் உள்ளே வருவதால் பூச்சி புழு பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏனையவை என்று குறித்தேன். ஆட்களுக்கு உடனடி ஆபத்து உண்டா என்று அடுத்த கேள்வி. கச்சேரிக்காரன் பொய் எழுத மாட்டான். இல்லை என்று குறித்தேன்.

விபரம் என்ற பெட்டிக்குள் என் திறமையை இறக்கினேன். கீழே பெயர் குறிப்பிடப்பட்டுள்ள வாடகையாளராகிய நான், தங்கள் நிறுவனம் இதுவரை காட்டிவந்த பரிவுக்கு நன்றி கூறி, தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருவது யாதெனில் என்று, எல்லாம் ஆங்கிலத்தில், ஒன்றரைப் பக்கம். துவாரம் இரண்டாவது பந்தியில் வரும். அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடித்தேன்.

மறுநாள் ஏஜெண்ட் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பதில் போட்டிருந்தாள். "உங்கள் அன்பான வார்த்தைகளுக்கு மிகவும் நன்றி. எங்கள் குழு முழுவதும் வாசித்து மகிழ்ந்தோம். ஏதாவது திருத்த வேண்டியிருக்கிறதா?"

அந்தப் பெட்டி குறிப்பிட்ட எழுத்துக்கு மேல் ஏற்காதாம். என் விண்ணப்பத்தின் பணிவு மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. துவாரம் சேரவில்லை. சிவமலர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மூன்று வரியில் திரும்ப எழுதினேன். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், அவரிடம் கேட்டுச் சொல்ல இரண்டு கிழமை ஆகலாம், அனுமதி வரும்வரை எந்த வேலையும் தொடங்க வேண்டாம் என்று பதில் வந்தது. அபிராமியின் நாளுக்கு மூன்று கிழமை இருந்தது. போதும் என்று நினைத்தேன்.

ஆனால் அதுவரை அந்தக் காற்றைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? சிவமலருக்குச் சொல்லாமல் வெளிச்சுவருக்குப் போனேன். என் பழைய நீலக் கட்டம் போட்ட சாரம் ஒன்றைச் சுருட்டி, மூடியின் தகடுகளுக்கு நடுவால் துவாரத்துக்குள் நன்றாக அடைத்தேன். உள்ளே வந்து ஊதுபத்தி பிடித்துப் பார்த்தேன். புகை நேரே மேலே போனது. எனக்கு என் கெட்டித்தனத்தில் ஒரு பெருமை. சிவமலர் ட்ரையர் போடும்போது எடுத்துவிட்டால் சரி என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி, மறந்தும் போனேன்.

4

பிறக்கப்போகும் பிள்ளைக்குப் புதுத் துணி போடக்கூடாது என்பது சிவமலரின் சட்டம். நைந்த பருத்தி வேட்டிகளையும் சேலைகளையும் அவித்து, காயவைத்து, சதுரம் சதுரமாகக் கிழித்து வைக்க வேண்டும். வெளியே மழை. அவள் அவித்த துணி அத்தனையையும் ட்ரையரில் போட்டுவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போய்த் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்துவிட்டாள். நான் வேலையில் இருந்தேன்.

நான் வீடு வந்து சேர, முன்கதவிலேயே ஏதோ கருகிய மணம். தோய்க்கும் அறைச் சுவர்களில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ட்ரையர் சூடு தாங்காமல் தானாகவே நின்றிருந்தது. சிவமலர் வெளிச்சுவர் அருகே மழைக்குள் குடையோடு நின்றாள். அவள் கையில் என் சாரம். அதன் ஒரு மூலை பழுப்பேறிப் போயிருந்தது.

"இது ஆரின்ரை வேலை?"

அந்த வீட்டில் சாரம் கட்டுகிறவன் ஒருவன்தான். மறைக்க வழியில்லை.

"காத்து வரக்கூடாதெண்டு..."

"உங்களுக்கென்ன விசரே? ஓட்டையை அடைச்சால் சூடு எப்பிடி வெளிய போறது? அந்தப் பஞ்சுத் தூசில நெருப்புப் பிடிச்சிருந்தால்? பிள்ளை வாற நேரம் வீட்டைக் கொளுத்தப் பாத்தியளே!"

நல்ல வேளை, அப்படி எதுவும் ஆகவில்லை. ஆறியதும் இயந்திரம் திரும்ப ஓடியது. ஆனால் நான் வெட்கப்பட்டுப் போனேன். சிவமலர் இன்னும் இரண்டு சுற்றுத் திட்டுவாள் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவள் திட்டவில்லை. சாரத்தை விரித்துப் பார்த்தாள். மடித்தாள்.

"அண்டைக்கும் இப்பிடித்தானே அடைச்சனீங்கள்" என்றாள்.

அபிராமி பிறந்தது வன்னியில், நாங்கள் இடம்பெயர்ந்து இருந்த ஒரு கொட்டிலில். மார்கழி மாதம். மேலே ஓலைக் கிடுகு, பக்கத்தில் நீலப் பிளாஸ்டிக் தறப்பாள். தறப்பாளுக்கும் கம்புக்கும் நடுவில் ஒரு முழ அகலத்தில் இடைவெளி. வாடைக்காற்று மழையையும் கூட்டிக்கொண்டு அதற்குள்ளால்தான் வரும். சிவமலர் பிள்ளையோடு சாக்கின்மேல் படுத்திருந்தாள். எங்களிடம் காற்றை மறிக்க வேறு எதுவும் இருக்கவில்லை. கட்டியிருந்தது போக மிச்சமிருந்த ஒரே சாரத்தைச் சுருட்டி அந்த இடைவெளிக்குள் திணித்தேன். போதவில்லை. மீதிக்கு என் முதுகைக் கொடுத்துக்கொண்டு நாள் முழுக்கக் குந்தியிருந்தேன். எட்டாம் நாள் அங்கிருந்தும் வெளிக்கிட வேண்டி வந்தது. முப்பத்தொரு நாள் என்ற கணக்கே எங்களுக்குக் கிடைக்கவில்லை. இன்றைக்கும் குளிர் தொடங்கினால் சிவமலர் நாரியைப் பிடித்துக்கொண்டு, "அண்டைக்குப் பட்ட காத்து" என்பாள். மருத்துவர் வேறு பெயர் சொல்கிறார். நான் சிவமலரைத்தான் நம்புகிறேன்.

என் மகள் எட்டு நாள் காற்றில் கிடந்தவள். அவளுக்கும் அவளுடைய பிள்ளைக்கும் ஒரு முப்பத்தொரு நாளையாவது காற்றில்லாமல் கொடுக்க வேண்டும் என்று எனக்குள் இருந்த ஆசை எவ்வளவு பெரியது என்பது, பழுப்பேறிய அந்தச் சாரத்தைப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

5

மறுநாள் ஸ்பிரிங்வேலுக்குப் போனோம். சந்தைக்குப் பின்புறத் தெருவில் ஒரு வியட்நாமிய அம்மாவின் வன்பொருள் கடை இருக்கிறது. கூரை வரைக்கும் சாமான். எந்த ஆணி எந்தப் பெட்டிக்குள் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். துவாரத்தின் அளவுக்கு நான் பால்மாப் பேணியின் மூடியைக் கொண்டுபோயிருந்தேன். அது துவாரத்தின் வாயில் அச்சாகப் பொருந்துவதை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தேன். அந்த அம்மா மூடியை வாங்கி, தன் அளவுநாடாவால் குறுக்கே ஒருதரம் அளந்து, தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

முதலில் கொண்டுவந்தது எங்களிடம் இருப்பதைப் போன்ற மூன்று தகட்டு மூடி. வேண்டாம் என்றேன். இரண்டாவது ஒற்றைத் தகட்டு மூடி. மேலே கீல், கீழே தொங்கும். சிவமலர் அதை வாங்கி ஒருதரம் ஊதினாள். தகடு டக்கென்று திறந்து டக்கென்று அடித்தது. "காத்தடிக்கிற நாளெல்லாம் இது மேளம் அடிக்கும். பிள்ளை நித்திரை கொண்ட மாதிரித்தான்" என்று திருப்பிக் கொடுத்தாள். வலை போட்டதாக இருந்தால் எலியும் வராதே என்று நான் கேட்டேன். அந்த அம்மா இரண்டு கையையும் ஆட்டினார். உடுப்புப் பஞ்செல்லாம் வலையில் பிடித்து ஒரு மாதத்தில் அடைத்துவிடுமாம். சாரம் அடைத்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"ஏன் இவ்வளவு யோசிக்கிறாய்? கொஞ்சக் குளிர் வந்தால் என்ன?" என்று அவர் கேட்டார். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே உயரம். அதனால் இரண்டு பேருக்கும் வசதி.

"மகள். குழந்தை வரப்போகிறது. ஒரு மாதம் எங்கள் வீட்டில். காற்று கூடாது" என்றேன்.

அவர் கையிலிருந்த பேனையைக் கீழே வைத்தார். என்னை விட்டுவிட்டுச் சிவமலரைப் பார்த்தார். தன் இரண்டு காதுகளையும் விரலால் காட்டி, "பஞ்சு?" என்றார்.

சிவமலரும் தன் காதுகளைத் தொட்டுக் காட்டினாள். "ஓம், ஓம், பஞ்சு!"

"எத்தனை நாள்?"

"முப்பத்தொண்டு."

"எங்களுக்கு முப்பது" என்று சொல்லி அவர் சிரித்தார். பிறகு ஏணியைப் போட்டு மேல்தட்டில் ஏறினார். பதின்மூன்று வருடமாக இந்த நாட்டில் எத்தனையோ கந்தோர்களில் எத்தனையோ கவுண்டர்களுக்கு முன்னால் நின்று எங்களை விளங்கப்படுத்த முயன்றிருக்கிறேன். இவ்வளவு விரைவில் யாரும் விளங்கிக்கொண்டதில்லை.

மேல்தட்டிலிருந்து இறங்கியது, நிமிர்ந்த ஒரு வெள்ளைப் பெட்டி. சுவரிலிருந்து வரும் குழாய் அதற்குள் மேல்நோக்கித் திரும்புகிறது. குழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் கவிழ்ந்து கிடக்கிறது. ட்ரையர் ஓடும்போது காற்று கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்தால் வெளியேறும். நின்றவுடன் கிண்ணம் தன் பாரத்தில் இறங்கி வாயை மூடிவிடும். வெளிக்காற்று தள்ளினால் கிண்ணம் இன்னும் இறுகுமே தவிரத் திறக்காது. அந்த அம்மா சொல்லச் சொல்ல நான் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றேன்.

"இதிலை விளங்க என்ன இருக்கு? சோத்துப் பானை மூடி" என்றாள் சிவமலர்.

அதுதான். அதற்குப் பிறகு எனக்கும் விளங்கியது. காசு கொடுத்து வெளியே வரும்போது அந்த அம்மா ஒரு சின்னப் பொட்டலம் பஞ்சைச் சிவமலரின் கைக்குள் வைத்தார்.

6

பெட்டி வந்துவிட்டது. அனுமதி வரவில்லை. நான் தினமும் மின்னஞ்சல் பார்த்தேன். கார்த்திக் தொலைபேசியில், "மாமா, நான் ஒரு ஷீட் போட்டிருக்கேன். எட்டு மாடல் ஒப்பிட்டுப் பாத்துட்டேன். துவாரமே தேவைப்படாத ட்ரையர் இருக்குங்க. அதையே வாங்கிடலாமே" என்றான். நல்ல பிள்ளை. ஆனால் துவாரம் தேவைப்படாத ட்ரையர் வாங்கினாலும் சுவரில் இருக்கிற துவாரம் எங்கே போகும்? அதைக் கேட்டேன். "அட, ஆமா" என்றான். அவனுடைய ஷீட்டில் அந்தக் கட்டம் இருக்கவில்லை.

அதற்குள் பேத்தி அவசரப்பட்டுவிட்டாள். நாளுக்குப் பத்து நாள் முன்பே ஒரு செவ்வாய்க்கிழமை விடியப் பிறந்தாள். தாயும் பிள்ளையும் நலம். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விடுவார்கள். எந்த வீட்டுக்கு என்பதுதான் கேள்வி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அபிராமி என்னைப் பார்த்து, "டிட் யூ ஃபிக்ஸ் இட், அப்பா?" என்றாள்.

"ஓமம்மா, எல்லாம் சரி" என்றேன். கச்சேரிக்காரன் பொய் எழுதத்தான் மாட்டான். சொல்ல மாட்டான் என்று நான் சொல்லவில்லையே.

அனுமதி இல்லாமல் நான் செய்த பெரிய காரியம் என் வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான், அந்தப் படகில் ஏறியது. அதைச் செய்துவிட்டுப் பதிலுக்குப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்தவன் நான். தற்காலிக விசாவில் இருந்த அந்தக் காலமெல்லாம் மஞ்சள் விளக்கு வந்தாலே காரை நிறுத்திவிடுவேன். புல்லை ஏஜெண்ட் சொன்ன உயரத்துக்குமேல் வளரவிட்டதில்லை. இப்போது நிரந்தரமாக இருக்கக் கடதாசி வந்துவிட்டது. கை மட்டும் இன்னும் பழைய பயத்திலேயே இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அந்தப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெளிச்சுவருக்கு முன்னால் நீண்ட நேரம் நின்றேன்.

கார்த்திக் வந்து பக்கத்தில் நின்றான். மகள் பிறந்த களைப்பு, மகிழ்ச்சி எல்லாமாகச் சேர்ந்து கண் சிவந்திருந்தது.

"மாமா, அனுமதி?"

"வரேல்லை."

"அப்ப என்ன பண்ணலாங்க?"

"திருப்புளியை எடும்" என்றேன்.

பழைய மூடியைக் கழற்றினோம். குழாய்க்குள் இருந்து கை கையாகப் பஞ்சு வந்தது. எங்களுக்கு முன்பு இருந்தவர்களின் காற்சட்டை எல்லாம் அதற்குள் இருந்திருக்கும். புதுப் பெட்டியை வைக்கக் கார்த்திக் சிவப்பு ஒளி விழும் மட்டக்கருவி ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். கிண்ணம் நேரே ஏறி இறங்க வேண்டுமானால் பெட்டி சாயாமல் நிற்க வேண்டும் என்பது சரிதான். குழாயைப் பொருத்த நான் திருகாணியை எடுத்தபோது, "வேண்டாமுங்க, ஆணி முனை உள்ள நீட்டிட்டா பஞ்சு அதுல சிக்கும், டேப்தான்" என்று தடுத்தான். அலுமினிய டேப் சுற்றினோம். சுவரோரம் இருந்த வெடிப்பெல்லாம் பூசி அடைத்தோம். ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிட்டது. அத்தனை நாளாக வீட்டை ஆட்டிவைத்த விசயம் ஒரு மணித்தியாலம்!

ஊதுபத்தியைக் கொளுத்தி ட்ரையர் வாயில் பிடித்தேன். வெளியே மரங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு ஆடின. புகை ஒரு நூலைப் போல நேரே நின்றது. கார்த்திக் அதைப் படம் பிடித்து மனைவிக்கு அனுப்பினான். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

வெள்ளிக்கிழமை அவள் பிள்ளையோடு வந்து இறங்கினாள். ஒரு கிழமைக்குத்தான் என்று சொல்லி ஒரு சின்னப் பெட்டி மட்டும் கொண்டுவந்திருந்தாள்.

திங்கட்கிழமை ஏஜெண்டின் மின்னஞ்சல் வந்தது. வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார், வேலை முடிந்ததும் படம் அனுப்பவும் என்று இருந்தது. வெட்கத்தைப் பார்க்காமல் ஐந்து நிமிடத்தில் படம் அனுப்பினேன். "என்ன வேகம்!" என்று அந்தப் பெண் பதில் போட்டாள்.

7

ஒரு கிழமை முடிந்தது. அபிராமி பெட்டியை அடுக்கவில்லை. இரண்டாம் கிழமை கார்த்திக் பொயிண்ட் குக்கிலிருந்து இன்னொரு பெட்டி கொண்டுவந்தான். சிவமலர் எதையும் கவனிக்காதவள் போலச் சரக்குக் கறி வைத்தாள். நானும் கவனிக்கவில்லை. ட்ரையர் நாளுக்கு இரண்டு தரம் ஓடியது. கிண்ணம் மெல்ல இறங்கும் சத்தம் கேட்டால் துணி காய்ந்துவிட்டது என்று அர்த்தம். காதில் பஞ்சு வைக்க மட்டும் அபிராமி கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

இன்று துடக்குக் கழிவு, பிள்ளைப்பேற்றுத் தீட்டுக் கழியும் நாள். வீடு கழுவி, எல்லோரும் முழுகி, சிவமலர் சாம்பிராணி போட வேண்டும் என்று நின்றாள். எங்கள் மருந்தாளர் அபிராமி அம்மா, பிள்ளைக்குப் புகை கூடாது என்று முப்பது நாளும் தடை போட்டிருந்தார். கடைசியில் பேச்சுவார்த்தை நடந்து, பிள்ளை அறைக்குள், கதவு சாத்தியிருக்கும், சாம்பிராணி தோய்க்கும் அறையில் ஒரே ஒரு தரம் என்று உடன்பாடு வந்தது.

நாங்கள் ஒன்றை மறந்துவிட்டோம். முன்பென்றால் அந்தத் துவாரத்தால் வரும் காற்றே புகையைக் கலைத்துவிடும். இப்போது போக வழி இல்லை. அரை நிமிடத்தில் கூரையில் இருந்த புகை எச்சரிக்கை கீச்சிடத் தொடங்கியது. பிள்ளை வீரிட்டது. அபிராமி அதைத் தூக்கிக்கொண்டு புகையில்லாத முன்னறைக்கு ஓடினாள். கார்த்திக் கதிரையில் ஏறித் துவாயால் விசிறினான். சிவமலர் சாம்பிராணித் தட்டோடு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தாள். நான் முன்னறை, பின்னறை என்று பாராமல் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துகொண்டு போனேன். கஷ்டப்பட்டு அடைத்த அத்தனை காற்றும் ஒரே மூச்சில் வீட்டுக்குள் வந்தது.

சத்தம் நின்றதும் எல்லோரும் சிரித்தோம். கார்த்திக் கதிரையிலிருந்து இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, "அப்ப, இன்னிக்குச் சாயங்காலமே கிளம்பிடலாமா அபி?" என்றான். முப்பத்தொரு நாள் முடிந்துவிட்டதல்லவா. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சிவமலரின் சிரிப்பு பாதியில் நின்றது. நான் ஜன்னல் கொக்கியைப் பிடித்தபடி நின்றேன்.

அபிராமி பிள்ளையை மறுதோளுக்கு மாற்றினாள். அவள் தோளில் ஒரு துணி கிடந்தது. நீலக் கட்டம் போட்ட துணி. சிவமலர் என் சாரத்தின் பழுப்பேறிய மூலையை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை அவித்துச் சதுரம் சதுரமாகக் கிழித்திருந்தாள். அது எங்கே அடைத்திருந்த சாரம் என்பதையும், அதற்கு முன்பு இன்னொரு சாரம் எங்கே அடைத்திருந்தது என்பதையும் இந்த நாட்களில் ஒருநாள் மகளுக்குச் சொல்லியிருக்கிறாள். என்னிடம் அபிராமி அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அந்தத் துணியை எடுத்துப் பிள்ளையின் முதுகைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காற்று வரும் பக்கத்துக்குத் தன் முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"அப்பா, ஜன்னலைச் சாத்துங்கோ" என்றாள், நல்ல தமிழில், தாயின் அதே குரலில். "பிள்ளைக்குக் காத்துப் படப்போகுது. குளிர் போகும்வரைக்கும் நாங்கள் இஞ்சைதான் இருக்கப் போறம்."

நான் ஜன்னலைச் சாத்தினேன்.